சனிக்கிழமைக்கு ஒன்று

வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. இனி யோசிக்க ஒன்றுமில்லை. போதை மறுவாழ்வு மையத்துக்காரர்கள் வருவார்கள், பையனை ஏற்றிக்கொண்டு போவார்கள், அதுவரை இந்த மாடிப்படியில் உட்கார்ந்திருப்பது மட்டும்தான் என் வேலை. யோசிக்க ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிய பிறகுதான் இந்த மனசு கடையை விரிக்கிறது. மேலே மொட்டைமாடியில் தரணி இருக்கிறான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத பக்கமாகச் சுவரில் சாய்ந்திருப்பான். தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. முதல் குச்சி அணைந்துபோக, இரண்டாவது உரசினான். இன்னும் கொஞ்ச நேரத்தில் வாசனை படி வழியாக இறங்கி வரும், பச்சைத் தழையைப் போட்டுக் கொளுத்தின மாதிரி, மூக்கைப் பொத்தினாலும் தொண்டையில் போய் உட்காரும். என் மகன், பாலிடெக்னிக் கடைசி வருஷம், இன்னும் இருபது முடியவில்லை, மேலே கஞ்சா இழுக்கிறான். அதை அவன் கையில் எடுத்துக் கொடுத்தவன் நான். பெத்த அப்பன். கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறைப் பக்கம் நாச்சிமுத்து மேஸ்திரி என்று கேட்டுப் பாருங்கள், பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஒரு சொட்டுத் தொடாத மனுசன் என்று சொல்வார்கள். அந்த மனுசன் சனிக்கிழமை சாயந்திரமானால் பீரோவைத் திறந்து மகனுக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, யாராவது மேலே போய்விடப் போகிறார்களே என்று படியில் காவலுக்கு உட்காருகிறான். என் வீட்டுக்காரி சாந்தாமணி இருந்தால் இந்நேரம் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு அடுப்பில் வெங்காயம் வதக்குவாள், வாசனைக்கு வாசனை சரிக்கட்டுகிறாளாம். அவள் காலையிலேயே புகளூர் போய்விட்டாள், தங்கையின் புது வீட்டுப் பால் காய்ச்சு, நாளைக்குத்தான் வருவாள். அவள் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் வண்டிக்குச் சொன்னேன், அதை மறைப்பானேன். இருந்தால் வண்டிக்குக் குறுக்கே படுத்திருப்பாள்.

எல்லாம் அந்த டாக்டரம்மா செய்த வேலை. ஆத்திரமாக வருகிறது, ஆனால் வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை, அவ்வளவு தன்மையாகப் பேசுகிற பொம்பளை. ரெஜினா டாக்டர் என்றால் பெரியாஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். சாந்தாமணிதான் யாரோ சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாள். நான் சும்மா துணைக்குப் போனவன். "முழுசா நிறுத்திட்டா ரொம்ப நல்லதுப்பா, நான் வேண்டாம்னா சொல்றேன்?" என்றார். "நீங்களும் முழுசா நிறுத்த வச்சுப் பாத்துட்டீங்க. ஒவ்வொரு தடவையும் திரும்ப ஆரம்பிக்கறப்ப முன்ன விட அதிகமாத்தானே போயிருக்கான்? இப்ப காலைல எந்திரிச்சதும் வேணும்ங்கிறான். அத சாயந்திரம் மட்டும்னு கொண்டு வருவோம். அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு. குடிக்கச் சொல்லி நான் சீட்டு எழுதல. அவன் குடிச்சுட்டுத்தான் இருக்கான். எப்படிக் குறைக்கலாம்னு அவனோட பேசிட்டு இருக்கேன்." நான் விடவில்லை. "பாதி வெசம் பரவாயில்லீங்களா?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அவன்கிட்ட நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டிருக்கேன். தவறினா வந்து சொல்லணும். தவறவே கூடாதுன்னு கேக்கல" என்றார். தவறவே கூடாது என்று கேட்காமல் என்ன வைத்தியம் இது. பட்டறையில் ஒரு பையன் வெல்டிங் தவறிவிட்டது என்று வந்து சொன்னால் சபாஷ் என்றா சொல்வேன். ஆனால் குறைந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும், கண்ணால் பார்த்ததை இல்லை என்று சாதிக்க முடியாது. மெல்ல மெல்லக் குறைந்தது. காலையில் எழுந்து பல் விளக்கினான். காலேஜ் போனான். அவன் அம்மாவிடம் ரசத்துக்கு உப்பு இல்லை என்று ஒரு நாள் சொன்னான், அவள் அதற்குப் போய் அழுதாள், ஒரு வருஷம் கழித்துச் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிறானே என்று. பிறகு வாரத்துக்கு ஒன்று என்று வந்தபோது அவனே என்னிடம் பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினான். "இத நீங்களே வச்சுக்குங்கப்பா. எங்கிட்ட இருந்தா நிக்காதுங்க." பட்டறையிலிருந்து கொண்டுவந்த ரிவிட் டப்பா ஒன்று காலியாகக் கிடந்தது, அதில் போட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். கல்யாணப் புடவைக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் பக்கத்தில் அது இருக்கிறது. ராத்திரி புரண்டு படுத்தால் பீரோப் பக்கமே கண் போகிறது. மாப்பிள்ளை, சாந்தாமணியின் தம்பி, ஒருநாள் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டான், "ஏன் மாமா, நீங்களே ஊட்டி விட்டுட்டு இருக்கீங்களாமா?" சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன்.

எனக்குத் தெரிந்தது கயிறு. கயிறுதான் என்னைக் குடியிலிருந்து காப்பாற்றியது. முனியப்பன் கோயிலில் பூசாரி வேல்கம்பைத் தொடச் சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டு மணிக்கட்டில் கறுப்புக் கயிற்றைக் கட்டுவார். ஆறு மாசமோ ஒரு வருஷமோ, கெடுவை நாமே சொல்லலாம். கெடுவுக்குள் தொட்டால் கண் போய்விடும், கை கால் இழுத்துக்கொள்ளும். தொடாமல் இருந்துவிட்டால் கெடு முடிகிற அன்று போய் அவிழ்த்துவிட்டு வரலாம். நான் தரணி சின்னப் பையனாக இருக்கும்போது கட்டினேன். இன்றைக்கும் கையில் இருக்கிறது, இதோ. வருஷா வருஷம் அவிழ்க்கப் போவேன், அவிழ்த்த கயிறு தரையில் விழுவதற்குள் அடுத்ததைக் கட்டச் சொல்லிக் கையை நீட்டிவிடுவேன். நடுவில் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட என்னை நம்பி விடமாட்டேன். பூசாரி சிரிப்பார், "மேஸ்திரி, அவசரப்படாதீங்க, கயிறு எங்கயும் ஓடிறாது" என்பார். கயிறு ஓடாது ஐயா, நான்தான் ஓடிவிடுவேன். இதை டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு குவாட்டர் என்று எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் வாரம் முழுவதும் அந்த ஒன்றையே நினைத்துக்கொண்டு, ஒன்று இரண்டாகி, இரண்டு எத்தனையோ ஆகி, இந்நேரம் எனக்குத் திதி கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அப்படியென்றால் இவனுக்கும் அப்படித்தானே. என் ரத்தம்தானே. ஆனால் வேலுச்சாமி நினைவுக்கு வருகிறான், வேண்டாம் என்றாலும் வருகிறான். பட்டறையில் என்னோடு பஸ் சீட்டுத் தைத்தவன், ஒரே நாளில்தான் இரண்டு பேரும் கயிறு கட்டினோம். ஒரு வருஷம் தேவலோகத்து மனுசன் மாதிரி இருந்தான். பொண்டாட்டிக்குத் தோடு வாங்கிப் போட்டான். கெடு முடிகிற அன்று லீவு சொல்லிவிட்டுப் போய்க் கயிற்றை அவிழ்த்தான், கோயில் வாசலில் இருந்து நேராகக் கடைக்குப் போனான், ஒரு வருஷத்துக்கு உண்டானதை ஒரே மூச்சில் குடித்தான், கடைப் பெஞ்சில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போதே முடிந்துவிட்டது. சாமி குத்தம் என்றார்கள். என்ன குத்தம், கெடுவரைக்கும் சத்தியத்தைக் காப்பாற்றினானே, சாமி எதற்கு அவனைக் கொல்ல வேண்டும். நான் அப்போதும் இதை யோசித்தேன், மேற்கொண்டு யோசிக்காமல் விட்டுவிட்டேன். பிறகு தரணிக்கும் கட்டினேனே. அவன் கையைப் பிடித்து நானே இழுத்துப் பூசாரி முன்னால் நீட்டினேன். அவனும் ஒத்துக்கொண்டுதான் கட்டினான், ஒரு மாசம் போல இருந்தான், அப்புறம் எவனோ சிநேகிதன் பிறந்த நாளுக்கு ஒரே ஒரு தடவை இழுத்துவிட்டான். ஒரே ஒரு தடவை. அதோடு நின்றிருக்கலாமே. நிற்கவில்லை. அன்றையிலிருந்து காலை மதியம் ராத்திரி என்று பார்க்காமல் இழுத்தான். ஏன்டா என்று கேட்டதற்கு அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அதான் சத்தியம் போச்சுங்களே. கண்ணு எப்படியும் போகப்போகுது. அப்புறம் எதுக்குங்க நிறுத்தணும்?" கண் போகட்டும் என்று காத்துக்கொண்டு மொட்டைமாடியில் வெயிலில் உட்கார்ந்திருந்தான் என் பிள்ளை. கயிற்றில் பாதி என்று ஒன்று கிடையாது. இருக்கிறது, அல்லது அறுந்துவிட்டது. எனக்கு அது தோதாக இருந்தது. அவனுக்கு இல்லை. இதை நான் இப்போது இந்தப் படியில் உட்கார்ந்து சொல்லிக்கொள்கிறேன், அதே நேரம் வண்டி வந்துகொண்டிருக்கிறது.

வாசனை வந்துவிட்டது.

வண்டியை நினைக்கக் கூடாது. போன தடவை வந்தது அதே வேன்தான், வெள்ளை நிறம், ஜன்னலுக்கு உள்பக்கம் தகடு அடித்தது. விடியற்காலையில் வந்தார்கள், நாலு பேர். தூங்கிக்கொண்டிருந்தவனை அப்படியே தூக்கினார்கள். நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். அவன் கத்தவில்லை, அப்பா அப்பா என்று மட்டும் சொன்னான், கூப்பிடுகிற மாதிரி இல்லை, அடையாளம் சொல்கிற மாதிரி. எனக்கு அந்த நேரத்தில் கண் எங்கே போனது தெரியுமா, வேன் கதவுக்குப் போனது. தொழில் புத்தி. பின்கதவில் உள்பக்கக் கைப்பிடி இல்லை. கழற்றிவிட்டு ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்திருந்தார்கள், வேலை சுத்தமில்லை. நாங்கள் கட்டுகிற எந்த வண்டியும் அவசர வழி இல்லாமல் பட்டறையை விட்டு வெளியே போகாது, அது சட்டம், உள்ளே இருக்கிறவன் தட்டினால் திறக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வேன் போன பிறகுதான் சாந்தாமணி வாசலைக் காட்டினாள். அவன் செருப்பு கிடந்தது. வெறுங்காலோடு போயிருக்கிறான். மூன்று மாசம் கழித்துத் திரும்பி வந்தபோது காலில் வேறு யாருடையதோ செருப்பு, ஒன்று பெரிது, ஒன்று சின்னது. வந்தவன் மெலிந்திருந்தான், சுத்தமாக இருந்தான், நான் கூடத்துக்குள் நுழைந்தால் சட்டென்று எழுந்து நின்றான். தட்டை மடியில் வைத்துக்கொண்டு யாரோ பிடுங்க வருகிற மாதிரி சாப்பிட்டான். விளக்கு எரிந்தால்தான் தூங்கினான். அங்கே என்ன செய்தார்கள் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒழுக்கம் வந்துவிட்டது என்று பட்டறையில் சொல்லிக்கொண்டேன். அந்த வாரமே அவன் திரும்ப ஆரம்பித்துவிட்டான், அதுவும் முன்பு மாதிரி இல்லை, வெறி பிடித்த மாதிரி. பிறகுதான் டாக்டரம்மா, பிறகுதான் இந்த டப்பா.

இவ்வளவும் தெரிந்தவன் எதற்காக மறுபடி வண்டிக்குச் சொன்னேன் என்றால், சட்டை. புதன்கிழமைச் சட்டை. துவைக்கப் போட்டிருந்த கூடையில் நீலக் கட்டம் போட்ட அவன் சட்டையை எடுத்து மோந்து பார்த்தேன். ஆமாம், மோந்து பார்ப்பேன், தினமும் மோந்து பார்க்கிறேன், அப்பனாக இருப்பதற்குப் பதில் போலீஸ் நாயாக இருக்கிறேன். காலரில் அந்த வாசனை. புதன்கிழமை. சனிக்கிழமை என்பதுதானே பேச்சு. ஒருவேளை கொசுவர்த்தியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு மறுபடி மோந்தேன். பக்கத்தில் நின்ற எவனோ குடித்த புகையாகக்கூட இருக்கலாம். மறுபடி மோந்தேன். கேட்டிருக்கலாம். டேய் தம்பி, புதன்கிழமை என்ன என்று நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் இல்லை என்பான், இல்லை என்றால் நான் நம்ப மாட்டேன், ஆமாம் என்றால் அப்புறம் நான் என்ன செய்வேன், எனக்குக் கயிறு ஒன்றுதானே தெரியும், அறுந்தது அறுந்ததுதானே. வியாழக்கிழமையும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், "அப்பா, வந்துங்க..." என்றான், நான் ஒரு ஆர்டர் விஷயமாகப் போன் வருகிறது என்று எழுந்து போய்விட்டேன். போன் வரவில்லை. பயம். என்ன பயம் என்று கேட்டால் வேலுச்சாமியைத் தூக்கிக்கொண்டு போன அந்தப் பெஞ்சு கண்ணில் வருகிறது, அதில் வேலுச்சாமிக்குப் பதில் இவன் கால் தெரிகிறது. பொறுத்துப் பார்க்க எனக்குத் திராணி இல்லை. குறைத்துக் குறைத்து என்பது தினமும் பொறுப்பது. முழுசாக நிறுத்துவது என்றால் ஒரே நாளில் யார் தலையிலாவது கட்டிவிடலாம். சாமி தலையில் கட்டலாம், மையத்துக்காரன் தலையில் கட்டலாம். அதற்குத்தான் சொன்னேன் போல. இது எனக்கு இப்போதுதான் தெரிகிறது, தெரிந்து என்ன செய்ய. போன் அடிக்கிறது. எடுத்தேன். "சார், ரேஷன் கடை தாண்டிட்டோம். டிரைவர் புதுசுங்க, அடுத்து எங்கீங்க?" பின்னால் வண்டி இரைகிறது. சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, "மாரியம்மன் கோயில் வளைவுல உள்ள வாங்க, பச்சை கேட்டு" என்று சொன்னேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லியே பழகின வாய். வைத்துவிட்டார்கள். மேலே சத்தமில்லை. இழுத்து முடிக்க இன்னும் நேரமாகும். முடித்துவிட்டு வழக்கம்போலத் தொட்டிக் குழாயில் முகம் கழுவுவான். அதற்குள் வந்துவிடுவார்கள். கலங்கின கண்ணோடு இறங்கி வருவான், அதைப் பார்த்தால் எனக்கும் மனசு இறுகிவிடும், எல்லாம் சுலபமாக முடிந்துவிடும்.

குழாய் திறக்கிற சத்தம். இவ்வளவு சீக்கிரமாகவா. தண்ணீர் கொட்டி நின்றது, படியில் கால் வைக்கிறான், வெறுங்கால், ஒவ்வொரு படியாக. நான் ஒதுங்கி இடம் விட்டேன். தாண்டிப் போகாமல் எனக்கு மேல் படியில் உட்கார்ந்தான். முகத்தில் ஈரம். கண் சிவக்கவில்லை, அல்லது இருட்டத் தொடங்கியதில் எனக்குத் தெரியவில்லை. கையை நீட்டினான். உள்ளங்கையில் தீப்பெட்டியும் அணைத்த துண்டும் இருந்தன. பாதிக்கு மேல் மிச்சம்.

"இத டப்பாவுல போட்டுருங்கப்பா."

"ஏன் சாமி? முழுசும் முடிக்கலையா?"

"இன்னைக்கு இது போதுங்க." முகத்து ஈரத்தைச் சட்டை நுனியில் துடைத்தான். "புதன்கிழமை காலேஜ் பின்னாடி ஒரு பையன் கொடுத்தானுங்க. பாதி இழுத்துட்டேன். நேத்தே சொல்லலாம்னு வந்தேன், உங்களுக்குப் போன் வந்துருச்சு. அதான் இன்னைக்குப் பாதியோட நிறுத்திக்கிட்டேன். டாக்டருக்கும் சொல்லிர்றனுங்க."

நான் அந்தத் துண்டை வாங்கிக்கொண்டேன். நுனி இன்னும் சூடாக இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும், என்ன சொல்வது, அறுந்த இடத்தில் அவனே ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறான், எனக்கு முடிச்சுப் போடவே தெரியாதே, புதுக் கயிறு வாங்கத்தானே தெரியும். சொல்வது அப்புறம் இருக்கட்டும். முதலில் வண்டி. போனை எடுத்து அந்த நம்பரை அழுத்தினேன். வேண்டாம், திரும்பிப் போங்கள் என்று சொன்னால் போதும், அவன் பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, பட்டறைப் பேச்சு என்று நினைத்துக்கொள்வான். காதில் மணி போகிறது. அதே நேரம் கேட்டுக்கு வெளியே ஒரு போன் பாடத் தொடங்கியது, சாமி பாட்டு, நாதஸ்வரத்தோடு, சத்தமாக. நான் காதிலிருந்து எடுத்தேன். வெளியே பாட்டு நிற்கவில்லை. தரணி அசையாமல் உட்கார்ந்திருந்தான். அந்தப் பாட்டு அவனுக்குத் தெரியும். மூன்று மாசம் அதைக் கேட்டிருக்கிறான். அவன் கேட்டைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்க்கவில்லை, என் கையில் வெளிச்சம் எரிந்துகொண்டிருந்த போனைப் பார்த்தான். பிறகு பாட்டு நின்றது, வேன் கதவை இழுத்துத் திறக்கிற சத்தம் கேட்டது.

அவன் எழுந்தான். ஓடவில்லை. என்னைத் தாண்டி மெதுவாகப் படி இறங்கி வாசலுக்குப் போனான்.

"செருப்ப மட்டும் போட்டுக்கிறனுங்கப்பா" என்றான்.

நான் ஓடிப்போய்க் கேட்டை மறித்துக்கொண்டு நின்றேன். துண்டு இன்னும் என் கைக்குள்தான் இருந்தது. வெளியே நாலு பேர். "அனுப்பலீங்க" என்றேன். "நாந்தான் தெரியாமச் சொல்லிட்டேன். திரும்பிப் போயிருங்க." முன்னால் நின்றவன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "ஏனுங்க சார், தம்பி ரெடியாத்தானுங்களே நிக்குது" என்றான். நான் திரும்பிப் பார்த்தேன். வாசல் விளக்கடியில் தரணி செருப்பைப் போட்டு, பின்வாரையும் இழுத்து மாட்டிக்கொண்டு, கை இரண்டையும் பக்கத்தில் தொங்கவிட்டு, கூடத்துக்குள் நான் நுழையும்போது நிற்பானே அதே மாதிரி நின்றுகொண்டிருந்தான். கேட்டைத் தாழ்ப்பாள் போட்டேன். வெளியே அவர்கள் தட்டத் தொடங்கினார்கள், தட்டட்டும். நான் அவன் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். செருப்பின் வாரைக் கழற்றினேன், ஒரு காலில், பிறகு மறு காலில். அவன் கால் ஈரமாக, சில்லென்று இருந்தது.

"காலத் தூக்கு சாமி" என்றேன்.

அவன் தூக்கவில்லை.